கொசஸ்தலை ஆற்றங்கரை சரிகிறது: வேலியும் சுவரும் இல்லாமல் காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி: கரையோர நடையர்

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் மணலி புதுநகர்ப் பக்கம், கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய குடியிருப்பு ஒன்றின் நலச்சங்கச் செயலாளர் நான். எங்கள் தெருக்கள் முடிகிற இடத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் நீளத்துக்குப் பொதுக்கரை இருக்கிறது. ஆவணங்களில் அது ஆற்றுப் புறம்போக்கு. விடியற்காலையில் நடக்க வருகிறவர்கள், மாலையில் தூண்டில் போடுகிறவர்கள், விடுமுறை நாள்களில் மட்டையும் பந்துமாக வரும் பையன்கள், ஆடிப்பெருக்கன்று விளக்கேற்ற வரும் பெண்கள், ஓரிடத்தில் படகு கட்டும் நான்கைந்து மீனவக் குடும்பத்தார் என்று எல்லோரும் புழங்கும் இடம். கன்டெய்னர் லாரிகளின் புழுதி இல்லாமல் மூச்சு விட எங்களுக்கு வேறு வெளி கிடையாது.

2021 நவம்பரில் பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து உபரிநீர் வந்தபோதே கரையில் அங்கங்கே வெடிப்பு தெரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு நிலைமை மோசமாகி, நாங்கள் நடந்துவந்த மண் தடத்தின் பாதி அகலம் ஓரிடத்தில் ஆற்றுக்குள் போய்விட்டது. வியப்பு என்னவென்றால், வெள்ளம் கரைபுரண்டு ஓடிய நாளில் அசையாமல் நின்ற கரை, நீர் வடிந்த இரண்டாம் நாள்தான் சரிந்தது. இப்போது அந்த இடம் செங்குத்தாக நிற்கிறது. ஒரு வேப்பமரத்தின் வேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன.

சங்கக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. 400 மீட்டருக்கும் கம்பி வலை வேலி போட்டு, ஒரு கதவு வைத்துப் பூட்டிவிடலாம் என்பது ஒன்று. முழு நீளத்துக்கும் கான்கிரீட் தடுப்புச் சுவர் எழுப்பி, மேலே டைல்ஸ் பதித்து, விளக்குக் கம்பம் நட்டு நடைபாதை ஆக்கக் கோரி மனுக் கொடுக்கலாம் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. வேலியை ஒரே மாதத்தில் யாராவது அறுத்துவிடுவார்கள். சுவர் வந்தால் ஆற்றை மேலிருந்து மழைநீர்க் கால்வாயைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டியதுதான். கரையும் நின்று, மக்களும் இறங்கிப் புழங்கும்படியான வழி உண்டா? கோடையில் அங்கே நீர் உப்புக் கரிக்கும், மழைக்காலத்தில் நன்னீராகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் எந்தச் செடி நிற்கும் என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற மதகு

ஐயா, பாசனப் பணிகளிலும் கரை பராமரிப்பிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வடிந்த இரண்டாம் நாள் சரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது. ஆறு நிறைந்து ஓடும்போது கரை மண் உள்வரை ஊறிக் கனத்துவிடுகிறது. ஆனால் வெளியே நிற்கும் நீரே அந்தக் கனத்துக்கு முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொள்கிறது. வெள்ளம் மளமளவென்று இறங்கும்போது அந்த முட்டு போய்விடுகிறது. உள்ளே ஊறிய நீர் களிமண்ணிலிருந்து அவ்வளவு வேகமாக வெளியேற முடியாமல் கரையை உள்ளிருந்து ஆற்றுப் பக்கமாகத் தள்ளுகிறது. அணைகளின் நீரை வேகமாக இறக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று இது. 1944-இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்குக் கீழே இருக்கும் ஆற்றில், உபரிநீரைத் திறக்கும்போது வெள்ளம் திடீரென ஏறுவதும் மூடியதும் இறங்குவதும் இயல்பு. ஆகவே உங்கள் கரைக்கு எது செய்தாலும், உள்ளே ஊறும் நீர் வெளியேற வழி விட்டுத்தான் செய்ய வேண்டும். அந்த வழியை விடாமல் எழுப்பும் கான்கிரீட் சுவரை, இன்று மண்ணைத் தள்ளிய அதே நீர் நாளை தள்ளும். சுவர் சாய்ந்து நிற்கும் ஆற்றங்கரைகளை நான் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன்.

அடுத்து, மண் எங்கிருந்து போகிறது என்பதைக் கரையோரமாக நடந்து பாருங்கள். மேலிருந்து போகிறதா, அடியிலிருந்து போகிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு. ஆறு வளையும் இடத்தில் வெளிப்புறக் கரையின் அடியை நீரோட்டம் குடைந்துகொண்டே இருக்கும். அடி போனால் மேலே நிற்பது தானாக விழும். உங்கள் வேப்பமரம் நிற்பது அப்படிப்பட்ட இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். வளைவின் உட்புறத்திலோ ஓட்டம் தளர்ந்து மணலும் வண்டலும் படியும். கரை அங்கே தானாகவே சரிவாக இருக்கும். மேலிருந்து போகும் அரிப்பு வேறு வகை. ஆள்கள் ஏறி இறங்கும் தடத்தில் புல் செத்து, மண் இறுகி, மழைநீர் ஊறாமல் அந்தத் தடத்தின் வழியாகவே ஓடி, இரண்டு பருவமழையில் அது ஓர் ஆள் இறங்கும் அளவுக்குப் பள்ளமாகிவிடும். தெருவிலிருந்து வடியும் நீரும் அதில் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இந்த இரண்டாவது வகையைத் தடுக்க நீங்கள் அரசுப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மண்வெட்டியும் நான்கு லோடு கிராவலும் போதும்.

சுவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓடும் நீர் நகர்த்தக்கூடிய கல்லின் எடை, நீரின் வேகத்தினுடைய ஆறாம் அடுக்கின்படி ஏறும் என்பது பழைய நீரியல் கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால், நகரும் கல்லின் எடை 64 மடங்கு. வழவழப்பான கான்கிரீட் முகத்தை ஒட்டி நீர் வேகமெடுக்கும். நாணலும் கோரையும் நிற்கும் கரையை ஒட்டி வேகம் குறையும். நீங்கள் 400 மீட்டருக்குச் சுவர் கட்டினால், அது முடிகிற இடத்தில், 401-ஆவது மீட்டரில், அரிப்பு தொடங்கும். அது யார் வீட்டுப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காகக் கல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளிவளைவில் அடியைக் குடையும் இடத்துக்குச் செடி மட்டும் போதாது. செங்குத்தை வெட்டி, உயரம் ஒன்றுக்கு அகலம் இரண்டு என்ற அளவிலாவது சரிவாக்கி, மண் கசிந்து போகாதபடி ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் கருங்கல்லை அடுக்க வேண்டும். அடியில் ஆற்றுப் படுகையின் மேல் கொஞ்ச தூரம் கல்லைப் பரப்பிவிட வேண்டும்; இதை ஏப்ரன் என்போம். படுகை குடையப்படும்போது அந்தக் கற்கள் தாமாகச் சரிந்து பள்ளத்தை மூடிக்கொள்ளும். கல்லுக்கு மேல், வெள்ளம் எப்போதாவது மட்டும் தொடும் உயரத்துக்குப் புல்லும் புதரும் போதும். கம்பி வலைக் கூடையில் கல் நிரப்பும் கேபியன் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். உப்பு ஏறும் நீரில் சாதாரணக் கம்பி சில ஆண்டுகளில் துருப்பிடித்து வாயைத் திறந்துவிடும் என்பதால், பிவிசி பூசிய கம்பி இல்லாமல் அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மக்கள் புழங்குவதற்கு வருகிறேன். காவிரிக் கரை ஊர்களுக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள்: கரை நெடுகக் கண்ட இடத்தில் யாரும் இறங்குவதில்லை, படித்துறையில் இறங்குவார்கள். ஊர்க்காரர்கள் எல்லோரும் அவ்வளவு ஒழுங்கானவர்கள் என்பதால் அன்று, துறையில் இறங்குவதுதான் சுலபம் என்பதால். உங்கள் கரைக்கும் அதுவே பொருந்தும். வளைவின் உட்புறத்தில், மண் படியும் பக்கம், இரண்டு அல்லது மூன்று துறைகளை நன்றாக அமைத்துவிட்டால் மற்ற தடங்களை மூடலாம். நல்ல துறை ஒன்றைத் திறக்காமல் பழைய தடத்தை மூடினால், மூடிய இடத்துக்குப் பத்தடி தள்ளிப் புதுத் தடம் முளைக்கும்.

துறைக்கு இறங்கும் சரிவுப் பாதை, நீரோட்டம் போகும் திசையை நோக்கிச் சாய்வாக இறங்க வேண்டும். ஓட்டத்தை எதிர்த்து வாயைத் திறந்து வைத்தால் வெள்ளம் அதில் புகுந்து கரையை வகுந்துவிடும். நடைபாதையைக் கரை விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று மீட்டராவது உள்ளே தள்ளுங்கள். டைல்ஸ் வேண்டாம், மழைநீர் ஊறும் கிராவல் பாதை போதும், முழங்காலுக்கும் நல்லது. பாதையின் சாய்வு ஆற்றுப் பக்கம் இருக்கக் கூடாது, தெருப் பக்கம் இருக்க வேண்டும். அப்படி வடியும் நீரை ஒரு சிறு வாய்க்காலில் சேர்த்து, கல் பாவிய ஒரே இடத்தில் ஆற்றில் இறக்கிவிடுங்கள்.

பதில்: மூன்றாம் குறுக்குத் தெரு

நான் கேள்வி கேட்டவரின் சங்கத்தைச் சேர்ந்தவன். கூட்டத்தில் வேலி வேண்டும் என்று சொன்னவர்களில் ஒருவன். கரையைப் பற்றி எல்லோரும் அக்கறையோடு எழுதுகிறீர்கள், நன்றி. ஆனால் இப்போது செங்குத்தாக நிற்கும் அந்த இடத்தின் ஓரத்தில் என் பேரன் வயதுப் பிள்ளைகள் பந்து பொறுக்கப் போகிறார்கள். அவர்களில் ஒருவன் விழுந்தால் நீரோட்டத்தின் ஆறாம் அடுக்கு கணக்கை யாரிடம் சொல்வது? இரவில் வந்து குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போடுகிறவர்களுக்கும் உங்கள் துறை திறந்துதானே இருக்கும்? வேலி இல்லாமல் இவற்றுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

பதில்: ஓய்வுபெற்ற மதகு

நியாயமான கேள்வி. சரிந்த அந்தப் பகுதிக்கு மட்டும், அது செப்பனிடப்படும் வரையில், வேலி கட்டாயம் வேண்டும். இதை என் முதல் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் விளிம்பை ஒட்டிக் கம்பம் நடாதீர்கள். விளிம்புக்கு இணையாக மண்ணில் நீளவாக்கில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; அந்த வெடிப்புக்கு ஆற்றுப் பக்கம் இருப்பதெல்லாம் அடுத்த முறை விழப்போகும் மண். வெடிப்பிலிருந்து நான்கைந்து மீட்டர் உள்ளே வேலியைப் போடுங்கள். பந்து விளையாடும் இடத்தையும் உட்பக்கமாக மாற்றுங்கள். பாட்டிலுக்குப் பொறியியலில் விடை இல்லை. ஆள் நடமாட்டம் இருக்கும் கரையில் அது குறையும் என்பது மட்டும் என் அனுபவம். பூட்டிய வேலிக்குப் பின்னால் அது கூடத்தான் செய்யும்.

பதில்: முகத்துவாரம்

ஐயாமார்களுக்கு வணக்கம். நான் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவன். கேள்வியில் மீனவக் குடும்பங்களை ஒரு வரியில் குறிப்பிட்டதற்கு நன்றி. ஆனாலும் அதற்குப் பிறகு வந்த பதில்களில் துறை என்றால் நடக்கவும் தூண்டில் போடவும் இறங்கும் இடம் என்றே பேச்சு போகிறது. எங்களுக்கு அது தொழில் செய்யும் வாசல். இரண்டையும் ஒரே துறையில் கலந்தால் சண்டைதான் வரும். படகு கட்டும் இடம் தலைமுறையாக எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். உங்கள் வசதிக்காக அதை நகர்த்தாதீர்கள், நடக்க வருகிறவர்களுக்கு வேறு துறை வையுங்கள். படகுத்துறைக்குக் கருங்கல் படியும் உதவாது. படகை ஏற்றி இறக்கச் சாய்வான மண்தரை வேண்டும். கல்லில் உரசினால் ஃபைபர் படகின் அடி தேயும், வலை கிழியும்.

கல் என்றதும் எங்களுக்குக் கடற்கரை நினைவுக்கு வருகிறது. சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்ததும், வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் ஊரைத் தின்றதும் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெற்கிலிருந்து வடக்கே போகிற மணலைத் துறைமுகச் சுவர் மறித்துக்கொண்டதுதான் காரணம். கடலைத் தடுக்கக் கல்லைக் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல்தடுப்புகளான தூண்டில் வளைவுகள் போட்டார்கள். எண்ணூர் விரைவுச் சாலை நின்றது, வீடுகள் பல நின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல் கொட்டிய பல இடங்களில் படகை இழுத்து நிறுத்தவும், மாலையில் பிள்ளைகள் காலை நனைக்கவும் இருந்த மணல் போயே போய்விட்டது. தூண்டில் வளைவின் ஒரு பக்கம் மணல் சேர்ந்தால் அதற்கு வடக்கே அடுத்த குப்பத்தில் குறைந்தது. 401-ஆவது மீட்டர் என்று ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா எழுதியதைப் படித்தபோது எங்களுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு செய்தி. கரையைக் காப்பாற்ற அலையாத்தி நடலாம் என்று இனி யாராவது சொல்வார்கள். நல்லதுதான், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எங்கள் கழிமுகத்தில் படிந்தபோது அந்த மரங்களின் தண்டெல்லாம் கறுத்து நின்றதைப் பார்த்தவன் நான், அவற்றின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் நீர் வற்றும்போது வெளியே தெரிகிற சேற்றுத் தரையைச் சும்மா கிடக்கும் இடம் என்று நினைத்து அதில் வரிசையாக நட்டுவிடாதீர்கள். இறால் கையால் தடவிப் பிடிக்கிறவர்கள் இறங்குவது அந்தச் சேற்றில்தான்.

பதில்: தாழம்புதர்

செடிகளைப் பற்றிக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். தாவரவியல் ஆசிரியையாக இருந்தவள்.

மேலே சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்: அலையாத்தியை ஏற்கெனவே அது நிற்கும் விளிம்பை ஒட்டி, கரையோரமாக மட்டும் நட வேண்டும். சென்னைக் கடலோரத்தில் ஓதத்தின், அதாவது கடல்மட்டத்தின், அன்றாட ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆகவே அலையாத்திக்கு ஏற்ற பட்டை மிகக் குறுகியது. அதற்கு மேலே நட்டால் காய்ந்துவிடும், கீழே நட்டால் மூழ்கி அழுகிவிடும். உங்கள் கரையில் கோடையில் உப்பு ஏறுவதால் வெண்கண்டல் என்னும் அலையாத்தி வகை பிழைக்க வாய்ப்பு உண்டு. அருகில் ஏதேனும் ஓரிடத்தில் தானாக முளைத்த கன்று இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

அதற்கு மேல், வெள்ளத்தில் மூழ்கி எழும் சரிவுக்கு அருகம்புல்லை விடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. உப்பையும் தாங்கும், மிதியையும் தாங்கும், கணுவுக்குக் கணு வேர்விடும். வெறும் சரிவில் அது பிடிக்கும் வரை மழை மண்ணைக் கழுவிவிடாமலிருக்கத் தென்னை நார்க் கயிற்று வலையை விரித்து முளையடித்துவிடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் வலை மக்கிப்போகும், அதற்குள் புல் பிடித்துவிடும். வெட்டிவேரைப் பலர் பரிந்துரைப்பார்கள். அதன் வேர் நேர்கீழாக மூன்று மீட்டர்வரை இறங்குவதும், வரிசையாக நட்டால் சரிவில் வரப்புப்போல மண்ணை நிறுத்துவதும் உண்மை. உங்கள் கரையின் மேல்வரிசைக்கு, உப்பு எட்டாத உயரத்துக்கு, அதை வைக்கலாம். வேரின் மணத்துக்காக யாரும் தோண்டி எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஒரு பள்ளி வளாகத்துக் குளக்கரையில் எனக்கு அப்படி நேர்ந்திருக்கிறது.

வேலிக்குப் பதில் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். என் பெயரிலேயே விடை இருக்கிறது. தாழை உப்பு மண்ணில் வளரும், விழுதுபோன்ற முட்டுவேர்களால் கரையைப் பற்றிக்கொள்ளும், இலையோரம் முழுக்க முள். கழற்சியும் அப்படித்தான், அதன் கொடிக்குள் ஒருமுறை கையை விட்டவர் மறுமுறை விடமாட்டார். நீங்கள் மூட நினைக்கும் தடங்களின் வாயில் முதலில் வெட்டிய முள்ளைப் போட்டு அடைத்து, அதன் பின்னால் தாழையோ கழற்சியோ நட்டால், முள் மக்குவதற்குள் புதர் எழுந்துவிடும். உயிர்வேலியை யாரும் அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போடமாட்டார்கள். ஆனால் செங்குத்துச் சரிவுக்கு இது போதாது. அங்கே பொறியாளர் ஐயா சொன்ன வேலியே சரி.

மரங்களில் கவனம் வேண்டும். விளிம்பிலேயே பெரிய மரம் நட்டால், புயலில் சாயும்போது கரையில் ஒரு லாரி கொள்ளும் மண்ணை வேரோடு பெயர்த்துக்கொண்டு போகும்; 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த மறுநாள் சென்னைத் தெருக்களில் அந்தப் பள்ளங்களை எல்லோரும் பார்த்தோம். பூவரசு, புங்கன், புன்னை ஆகியவற்றை நடைபாதைக்கு உட்புறமாக, நிழலுக்கு வையுங்கள். பூவரசைப் போத்து வெட்டி நட்டாலே துளிர்க்கும், கன்று வாங்க வேண்டாம். பனங்கொட்டை புதைப்பதும் நல்லதே, ஆனால் அது மரமாகி மண்ணைப் பிடிக்கும்போது இந்த உரையாடலில் இருக்கும் சிலர் இருக்கமாட்டோம். இப்போதெல்லாம் நிழற்படத்துக்காக ஆயிரம் கொட்டை புதைத்துவிட்டு அடுத்த மழைக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் சொல்கிறேன்.

கரையில் சீமைக்கருவேலம் இருந்தால் பொக்லைன் வைத்து ஒரே நாளில் வேரோடு பிடுங்கிவிடாதீர்கள். எவ்வளவு கெட்ட மரமாக இருந்தாலும் இப்போது அந்த மண்ணைப் பிடித்திருப்பது அதுதான். சரிவில் இருப்பதைத் தரைமட்டத்துக்கு வெட்டி, மறுபடி துளிர்ப்பதைக் கிள்ளிக்கொண்டே, இடையில் மற்றவற்றை வளரவிட்டுப் படிப்படியாக மாற்றுங்கள். வேப்பமரம் பிழைக்காது, கனத்தைக் குறைக்கக் கிளைகளைக் கழித்துவிட்டு, அடிமரத்தை மட்டும் இப்போதைக்கு விட்டுவையுங்கள்.

பதில்: புலப்படம்

சட்டப் பக்கம் சுருக்கமாக. ஆற்றின் எல்லைக்குள் எதைக் கட்டினாலும், கல் அடுக்கினாலும், மண்ணை வெட்டினாலும் நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். 1884-ஆம் ஆண்டின் நதிகள் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஓதம் எட்டும் பகுதி என்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தக்கூடும். 2011 அறிவிக்கையில் ஓதம் எட்டும் ஆற்றோரங்களுக்கு 100 மீட்டர் என்றிருந்த எல்லை 2019 அறிவிக்கையில் 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நீர்நிலையின் அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அகலமே எல்லை. கான்கிரீட் சுவர் கேட்டு மனுக் கொடுத்தால் இந்த விதிகளைத் தாண்டவே காலம் போய்விடும். தடங்களை மூடுவது, புல் பிடிக்கவைப்பது, பாதையை உள்ளே தள்ளுவது போன்றவற்றுக்கும் எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யாராவது ஆக்கிரமிப்பு என்று புகார் சொன்னால் உதவும்.

மக்களை எவ்வளவு உள்ளே விடுவது என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கரில் சீரமைக்கப்பட்டு 2011-இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவில், முன்பதிவு செய்து குழுவாகச் சென்று பார்க்கும் முறையே நெடுநாள் இருந்தது. செடிகொடிகளுக்கு அது நல்லதாக அமைந்தது. ஆனால் உங்களுடையது தினமும் ஊர் புழங்கும் கரை. அந்த முறையை இங்கே கொண்டுவந்தால் வேலிக்கும் அதற்கும் வேறுபாடு இராது.

பதில்: கரையோர நடையர்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் அளவு நாடாவோடு கரை முழுக்க நடந்தோம். மூன்றாம் குறுக்குத் தெருக்காரரும் வந்திருந்தார்.

பொறியாளர் ஐயாவின் ஊகம் சரி. அடியிலிருந்து மண் போவது வெளிவளைவில் 70 மீட்டர் நீளத்துக்கு மட்டும்தான். நாங்கள் 400 மீட்டருக்கும் சுவர் கேட்க இருந்தோம். மற்ற இடங்களில் காண்பது மேலிருந்து வரும் அரிப்பு. ஆற்றுக்கு இறங்கும் தடங்களை எண்ணியபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது: பதினான்கு. அவற்றில் இரண்டு, எங்கள் தெருக்களின் மழைநீர் நேராக வந்து விழுவதால் இடுப்பளவுப் பள்ளமாகிவிட்டன. சரிந்த இடத்துக்குப் பின்னால், விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, நீளவாக்கில் ஒரு வெடிப்பு இருக்கிறது. அதற்கு நேர்மேலேதான் எங்கள் சிமெண்ட் பெஞ்சு ஒன்று கிடக்கிறது, அன்றே நகர்த்திவிட்டோம்.

கரைக்கு இணையாக, விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் உள்ளே, இருபது மீட்டருக்கு ஒன்று வீதம் முளைக்குச்சி அடித்து எண் எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று விளிம்பு வரையிலான தூரத்தை அளந்து நோட்டில் குறிப்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரின் வேலை. மனுவில் 70 மீட்டருக்கு மட்டும் சரிவும் கல் அடுக்கும் கேட்கிறோம். நீர் வெளியேறும் வழியோடு என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறோம். படகு கட்டும் இடத்தைத் தொடப்போவதில்லை என்று அந்தக் குடும்பத்தாரிடம் நேரில் சொல்லியாகிவிட்டது. நடக்க வருகிறவர்களுக்கு உள்வளைவில் இரண்டு துறைகள். மற்றவற்றில் பத்துத் தடங்களை முதலில் மூடுகிறோம். தூண்டில் போடுகிறவர்கள் மூன்றாவது துறை ஒன்று கேட்கிறார்கள். அது இன்னும் முடிவாகவில்லை. டைல்ஸ் ஆசையைக் கைவிடச் சிலருக்கு மனம் வரவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

தாழம்புதர் அம்மா, தாழைக்குப் பக்கக்கன்று எங்கே கிடைக்கும் என்றும், எந்த மாதத்தில் நடலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: தாழம்புதர்

பழவேற்காடு பக்கம் வேலியோரங்களில் நிறைய நிற்கிறது; கேட்டால் கொடுப்பார்கள். மழை தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் நட்டுவிடுங்கள், வெள்ளம் வருவதற்குள் வேர் பிடிக்க நாள் வேண்டும். கைக்குத் தடித்த கோணித்துணி சுற்றிக்கொண்டு பிடுங்குங்கள்.

பதில்: முகத்துவாரம்

எந்த ஞாயிறு நடுகிறீர்கள் என்று முந்தின நாளே இங்கே எழுதுங்கள் ஐயா. அன்றைக்குக் காலையில் நீர் எத்தனை மணிக்கு வற்றும் என்று சொல்கிறேன். வற்றத்தில் இறங்கினால்தான் கரையின் அடியை நீங்கள் பார்க்கவே முடியும். நாங்கள் இரண்டு பேர் படகில் வந்து அந்த 70 மீட்டரை ஆற்றுப் பக்கமிருந்து காட்டுகிறோம்.